வெயிலைப் பகைக்க வேண்டாம்

தில்லியில் நம் வீட்டுப் பெண் குழந்தைகள் மொட்டை மாடிக்குப் போனால் போதும், "வெயில்ல நிக்காதேடி, கறுத்துப் போயிடுவே" என்று பாட்டியோ அம்மாவோ குரல் கொடுப்பார்கள். அதே வீட்டில் வைட்டமின் டி மாத்திரைக்கும் செலவாகிக்கொண்டிருக்கும். இதைப் பற்றி நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. ஓசோன் படலத்தைத் தாண்டி நம்மை வந்தடைபவை 'ஏ', 'பி' என இரு வகை. 'ஏ' கதிர் தோலின் ஆழத்துக்குச் சென்று சுருக்கம் விழச் செய்யும். தோலை எரிப்பது முக்கியமாக 'பி' கதிர்; தோலில் வைட்டமின் டி உண்டாக்குவதும் அதுவே. இரண்டுமே அளவு மீறினால் கெடுதல்தான். சூரிய ஒளி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992-லேயே வகைப்படுத்திவிட்டது. கண்புரைக்கும் இக்கதிர்கள் ஒரு காரணம்.

ஆனால் நாம் வெட்கப்படுகிற கறுப்பு நிறம் இருக்கிறதே, அதுதான் நமக்கு இயற்கை கொடுத்த குடை. தோலிலுள்ள மெலனின் இக்கதிர்களைத் தடுப்பதால், வெள்ளையரோடு ஒப்பிட்டால் நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. குடை இருப்பதால், அதே அளவு வைட்டமின் டி பெற நாம் கூடுதல் நேரம் வெயிலில் நிற்க வேண்டும் என்பதும் உண்மை.

சென்னை 13 பாகையில் இருக்கிறது; தில்லி ஏறத்தாழ 28½ பாகையில். டிசம்பரில் இங்கே நண்பகலிலும் நம் நிழல் நம்மைவிட நீளம். 'பி' கதிர் மெலிந்துதான் வருகிறது. அதோடு ஸ்வெட்டர், மூடுபனி, புகை. புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில், அன்று காற்று சுத்தமாக இருந்த குர்கான் பகுதிக் குழந்தைகளைவிட வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில் உட்கார்ந்தாலும் பயனில்லை. கண்ணாடி 'பி' கதிரைத் தடுத்து, 'ஏ' கதிரைத்தான் பெரும்பாலும் உள்ளே விடும்.

இதற்காக மே மாத மத்தியானத்தில் குழந்தைகளை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. அப்போது தொப்பியும் நிழலும் கட்டாயம் வேண்டும். மணாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் குளிர்தானே என்று இருந்துவிடக் கூடாது; புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி அங்கே அலங்காரமல்ல.

நான் கேட்பது குளிர்காலத்தைப் பற்றி. ஞாயிறு தமிழ் வகுப்பை நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடிய அறையில் நடத்தாமல், காற்று சுத்தமாக உள்ள நாட்களில் பதினொரு மணிக்குத் திறந்த வெளியில் நடத்தலாமே! முழங்கால் வலிக்கிறது என்கிற பெரியவர்களும் வந்து உட்காரலாம். அதற்குமேல் மாத்திரையோ ஊசியோ தேவையா என்பதை இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லட்டும்.

கல்யாணச் சந்தைக்குப் பயந்து பெண் குழந்தைகளின் எலும்பை நாமே பலவீனமாக்க வேண்டாம். செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் என நம்புகிறேன்.