நம் ஊர்ப் பட்டியல் நம் கையில்

வெள்ளிமலையில் ஃப்ரிட்ஜ் பழுதானால் யாரை அழைப்பது? கடுக்காய், புளி மூட்டை ஏற்ற வண்டிக்கு யாரைக் கேட்பது? மளிகைக் கடையில் விசாரிப்பதே நம் பக்கத்து வழக்கம். ஊரின் விலாசப் புத்தகம் நம் கல்லாவில்தான் இருக்கிறது.

1996-ல் மும்பையில் வி.எஸ்.எஸ். மணி தொடங்கிய ஜஸ்ட் டயலுக்கு முதலீடே இந்த விவரம்தான். தொலைபேசியில் கேட்டவருக்குக் கடைகளின் எண்ணைச் சொன்னார்கள். இணையதளம் பின்னால் வந்தது. இன்று அங்கே பெயர் முன்வரிசையில் வர வணிகர் பணம் கட்டுகிறார்.

நமக்கென ஓர் இணையப் பட்டியல் தொடங்க, உத்தியோகத்தில் இருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவர் போதும். வேலையை விட வேண்டாம். இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பக்கத்தை அமைத்துவிடலாம். எண் மாறியதையும் கடை மூடியதையும் உடனுக்குடன் திருத்துவதுதான் கடினம். இரண்டு முறை தவறான எண் கிடைத்தால் வாடிக்கையாளர் மூன்றாம் முறை வரமாட்டார். பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவரால் இதைக் கவனிக்க இயலாது; கடையில் இருக்கும் நம்மால் இயலும்.

எனவே, சங்கம் தெருவுக்கு ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்கி, அவரவர் சம்மதத்துடன் எண்களை வாங்கி, மாதந்தோறும் சரிபார்த்துத் தர வேண்டும். பெயர் சேர்க்கக் கட்டணம் கூடாது. பட்டியலைப் பராமரிப்பவருக்குச் சங்க நிதியிலிருந்து மாதம் ஒரு தொகை தருவதே முறை. கூலியில்லா வேலை ஆறு மாதம் தாங்காது என்பது வணிகர்களாகிய நமக்குத் தெரியாததா?