பகல் 12 முதல் 4 வரை எங்கே போவது?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. 2022-ல் அரசு பஸ்களில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்றார்கள். அதற்கு முன்னால் மூன்று வயது தாண்டினாலே அரை டிக்கெட். சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு 2016-லிருந்து மாதம் பத்து டோக்கன். 2024-ல் அறநிலையத் துறை முதியவர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாகவே அழைத்துப் போனது. எல்லாம் நல்ல காரியம்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பாருங்கள் சகோதரிகளே, பெண் தனி, குழந்தை தனி, பாட்டி தனி. மூன்று பேரும் சேர்ந்து, ஒரே பையைத் தூக்கிக்கொண்டு, ஒரே நாளில் ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போவார்கள் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

அறுபடை வீட்டுப் பயணத்துக்கு வயது 60 முதல் 70 வரைதான். என் மாமியாருக்கு 74. பேரனுக்கு இரண்டரை. இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான் மட்டும் எங்கே போவது? ஆக, எங்கள் வீட்டில் சுற்றுலா என்றால் மூன்று பேர் சேர்ந்துதான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு பஸ் ஏறிப் போய்வரத் தோதான பழைய நகரம் காஞ்சிபுரம். பூந்தமல்லியில் பஸ் பிடித்தால் திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று நேர் ரோடு. போன மாசியில் போனோம். போவதில் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் ஆரம்பித்தது உச்சிவேளையில்.

காஞ்சியின் பெரிய கோயில்கள் எல்லாம் பகல் 12, 12.30-க்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி வாக்கில் ஆகும். காமாட்சி, ஏகாம்பரேஸ்வரர், வரதராஜப் பெருமாள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கணக்குதான். வாலிபப் பிள்ளைகள் என்றால் ஓட்டலில் சாப்பிட்டு, பைக்கில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். முட்டி வலிக்கிற பாட்டியையும் தூக்கத்துக்கு அழுகிற பிள்ளையையும் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் எங்கே இருப்பது? ஓட்டலில் இலையை எடுத்ததும் எழுந்துவிட வேண்டும். லாட்ஜில் அரை நாளுக்கு ரூம் போட நம் பட்ஜெட் இடம் கொடுக்காது. அந்த ஊரில் மின்விசிறி, குடிதண்ணீர், சுத்தமான டாய்லெட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது பட்டுப் புடவைக் கடையில்தான். அங்கே உட்கார்ந்தால் புடவை எடுக்காமல் எழுந்திருக்க முடியுமா? (நான் எழுந்துவிட்டேன். விற்பனைப் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.)

இதில் பெண்கள் படுகிற பாடு தனி. டாய்லெட் தேட வேண்டுமே என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்தவர் என் அத்தை. "வீட்டுக்குப் போய்க் குடிச்சிக்கிறேம்மா, நீ ஓடாதே" என்கிறார். 74 வயதில் மாசி வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2015-ல் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். தாஜ்மகாலில் 2019-ல்தான் அப்படி ஓர் அறை வந்தது, நாம் முந்திக்கொண்டோம். ஆனால் வேறொரு ஊரில் அந்த அறையின் பூட்டைத்தான் நான் பார்த்தேன். சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டும் தெரியாமல், பிள்ளைக்குப் பெஞ்சின் மேலேயே டயபர் மாற்றினேன்.

கோயில் நடையைச் சாத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உச்சிகால பூஜைக்குப் பிறகு நடை சாத்துவது முறை. விடியலிலிருந்து நிற்கிற அர்ச்சகர்களுக்கும் காவலர்களுக்கும் பெருக்கிக் கூட்டுகிற பெண்களுக்கும் அது ஒன்றுதான் ஓய்வு நேரம். ஆனால் சந்நிதிக் கதவைச் சாத்துவது வேறு, கோபுர வாசல் கதவைச் சாத்துவது வேறு அல்லவா? தஞ்சைப் பெரிய கோயிலில் சந்நிதி சாத்திய பிறகும் வெளி முற்றத்தில் இருக்கலாம். காஞ்சியிலேயே கைலாசநாதர் கோயிலில் எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. 1,300 வருஷத்துக்கு முன்னால் ராஜசிம்ம பல்லவன் கட்டியது அது, மணற்கல் கோயில். திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சின்னச் சின்னச் சந்நிதிகள். ஒவ்வொரு மாடத்துக்குள்ளும் எட்டிப் பார்த்து "யாரு?" என்று கேட்பதே என் பிள்ளைக்கு ஒரு மணி நேர விளையாட்டு. அத்தை நிழல் விழுந்த பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். காசு பணம் செலவில்லாமல், ஒரு கதவு திறந்திருந்ததால் கிடைத்த ஓய்வு அது.

சிலைத் திருட்டுப் பயத்தில்தான் கதவைச் சாத்துகிறார்கள் என்பார்கள். நியாயமான பயம்தான். அதனால் எல்லாக் கதவையும் திறக்கச் சொல்லவில்லை. ஒரு கோயிலுக்கு ஒரு வெளி மண்டபம், ஒரு காவலர், ஒரு குடிதண்ணீர்க் குழாய் போதும். 2002-லிருந்து கோயில்களில் அன்னதானத் திட்டம் நடக்கிறது. பந்தி முடிந்த கூடத்தைக் கழுவிவிட்டு, முதியவர்களும் குழந்தைகளும் 4 மணி வரை பாய் விரித்துப் படுக்க விடலாமே? 2015-ல் மத்திய அரசு பழைய நகரங்களுக்காக 'ஹிருதய்' என்று ஒரு திட்டம் போட்டது. 12 ஊர்களுக்கு 500 கோடி. நம் மாநிலத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் அதில் இருந்தன. 2019 மார்ச்சோடு அது முடிந்துவிட்டது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பாட்டிகள் படுக்க ஒரு நிழல் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இது நமக்குப் புது யோசனையும் இல்லை. வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டி வைத்த தேசம் இது. நாம் போகிற வழியிலேயே சுங்குவார்சத்திரம் என்று ஒரு ஊருக்கே பேர் இருக்கிறது.

2019-ல் அத்திவரதர் எழுந்தருளியபோது ஜூலை, ஆகஸ்டில் ஊரே திணறியது நினைவிருக்கும். நெரிசலில் உயிர்கள் போன பிறகு, வயதானவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தையோடு வருகிறவர்களும் வருவதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில் வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் காத்திருந்தவர்கள் வயதானவர்கள்தானே? என் அத்தை 1979-ல் நாத்தனாரைக் கைக்குழந்தையாக இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் தரிசித்தவர். "மண்டபத்திலே புடவையாலே தூளி கட்டித்தான் இவளைத் தூங்க வச்சேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலே" என்பார். 2019-ல் டி.வி.யில் பார்த்துக் கும்பிட்டதோடு சரி. அடுத்தது 2059.

அதுவரை என் போன்றவர்களுக்கு ஒரு யோசனை. விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். பெரிய கோயில் இரண்டு மட்டும், பத்து மணிக்குள். அதற்கு மேல் கல் சுடும். பாட்டிக்கும் பிள்ளைக்கும் பருத்திக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்துக்குக் கைலாசநாதர் கோயில். வரதர் கோயில் இட்லியில் மிளகும் சுக்கும் தூக்கலாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் துப்பிவிடும். தயிர் சாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது. அறநிலையத் துறைக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, அன்னதானக் கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம். நீங்களும் ஒரு கார்டு போடுங்களேன்.

- ஒரு வாசகி, அம்பத்தூர்.