டீயை எதில் குடிப்பது?

சங்கரன்கோவிலில் பஸ்சை விட்டு இறங்கியதும் கால் தானாக டீக்கடைப் பக்கம் போகும். கடையில் ஒருவர் கண்ணாடி டம்ளரில் டீ குடிப்பார். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் காகிதக் குவளையில் குடிப்பார். வீட்டுக்கு வாங்கிப் போகிறவர் பார்சலோடு நாலு காகிதக் குவளை கேட்பார்.

"காகிதக் குவளைக்குத் தடை இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம்.

இருக்கிறது. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு, தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அந்தப் பட்டியலில் உண்டு. குவளை தயாரிப்பவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட்டில் தோற்றார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். "தடை செல்லும்" என்று சுப்ரீம் கோர்ட்டும் 2023-ம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்புக் கூறிவிட்டது.

ஆனாலும் குவளை கடையை விட்டுப் போகவில்லை. கழுவ வேண்டாம், உடையாது, தண்ணீர்ச் செலவு இல்லை. கடைக்காரருக்கு அதுதான் வசதி.

காகிதமா, பிளாஸ்டிக்கா?

வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் என்ன ஆகும்? நனைந்து கிழிந்துவிடும். கிழியாமல் இருக்கத்தான் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டுகிறார்கள். சூடு பட்டால் அந்தத் தோல் சும்மா இருப்பதில்லை.

கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரி வரை சூடான 100 மில்லி நீரைக் காகிதக் குவளையில் ஊற்றி 15 நிமிடம் வைத்தார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் சுமார் 25 ஆயிரம் அந்த நீரில் கலந்துவிட்டன. நாளைக்கு மூன்று டீ குடிப்பவர் வயிற்றுக்குள் 75 ஆயிரம் துகள்கள் போகும் என்று கணக்கிட்டார்கள்.

டீயை 15 நிமிடம் வைத்துக் குடிப்பவர் யார் என்று கேட்கலாம். ஆபீசில் மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள்!

ரெயில்வே செய்தது

"மண் குவளையில் கொடுத்தால் என்ன?" என்பது பலர் சொல்லும் யோசனை. வட நாட்டில் இது பழைய வழக்கம். அங்கே அதற்குக் "குல்லட்" என்று பெயர். டீயைக் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே போட்டு உடைத்துவிடுவார்கள்.

லாலு பிரசாத் ரெயில்வே மந்திரியாக இருந்தபோது, 2004-ம் ஆண்டில், ரெயில்களில் குல்லட்டைக் கொண்டுவந்தார். கொஞ்ச காலம் நடந்தது. பிறகு தேய்ந்துபோயிற்று. குவளை கனம் அதிகம். வழியிலேயே உடையும். கேட்ட அளவுக்குக் கிடைக்கவும் இல்லை. பிறகு பியூஷ் கோயல் ரெயில்வே மந்திரியானார். "400 நிலையங்களில் மண் குவளையில் டீ கொடுக்கிறோம், இனி எல்லா நிலையங்களிலும் கொடுப்போம்" என்று 2020-ம் ஆண்டு நவம்பரில் அவர் அறிவித்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கடையில் நாளுக்கு 300 டீ விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குவளை 100 கிராம் என்றால், ஒரு நாளைக்கு 30 கிலோ மண். வருஷத்துக்கு ஏறக்குறைய 11 டன்! இது ஒரே ஒரு கடைக்கு. இவ்வளவு மண்ணையும் ஏதோ ஒரு குளத்தில் வெட்டவேண்டும். விறகு வைத்துச் சுடவேண்டும். பிறகு ஐந்து நிமிடத்தில் உடைத்துப் போடவேண்டும்.

"மண்தானே, மண்ணோடு மண்ணாகிவிடும்" என்பார்கள். அதுவும் சரியல்ல. பச்சை மண் நீரில் கரையும். சுட்ட மண் கரையாது. நம் பக்கத்து ஆதிச்சநல்லூரில், பல தலைமுறைகளுக்கு முன்னால் புதைத்த தாழிகள் இன்றும் தோண்டத் தோண்ட வருகின்றனவே! சுட்ட மண்ணின் ஆயுள் அவ்வளவு.

ஆகையால் தெருக்கடைக்குக் கண்ணாடி டம்ளர்தான் நல்லது என்பது என் கருத்து. கொதிநீரில் கழுவிக் கழுவி, ஒரே டம்ளரை ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம்.

ஆயிரம் பேருக்கு ஒரே டம்ளர்

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பழைய புண் ஒன்றையும் சொல்லவேண்டும். தென் மாவட்டங்களில் பல கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் முறை இருந்தது. ஒரு சாதிக்கு ஒரு டம்ளர், தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறு டம்ளர். சில கடைகளில் அவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. குடித்தவரே அதைக் கழுவியும் வைக்கவேண்டும்.

இது குற்றம். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்தது. ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்தக்கூடாது என்று தீண்டாமை காரணமாகத் தடுத்தால் தண்டனை உண்டு என்று 1955-ம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. பாத்திரத்தைப் பற்றியே சட்டம் எழுதவேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

எறியும் குவளை வந்தபோது, "இனி எல்லாருக்கும் ஒரே குவளை" என்று சிலர் மகிழ்ந்தார்கள். ஆனால் சில ஊர்களில் அதுவே மறைவாகிவிட்டது. சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு மட்டும் எறியும் குவளை. கேட்டால், "சுத்தத்துக்காக" என்று பதில்.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. சங்கரன்கோவில் பக்கத்தில் பாஞ்சாகுளம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு செப்டம்பரில் அந்த ஊரில் பள்ளிக் குழந்தைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். "ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. கடைக்காரர் கைதானார். கடைக்குச் சீல் வைத்தார்கள்.

கண்ணாடி டம்ளர் வேண்டும் என்று நான் சொல்லுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தைவான் தீவில்

அப்படியானால் குயவர் என்ன செய்வார்? அவருக்கு வாழ்வு வேண்டாமா?

இதற்கு ஒரு வழியைத் தைவான் தீவில் பார்க்கலாம். அங்கே யிங்கே என்று ஓர் ஊர். 200 ஆண்டுகளுக்கு மேலாக மண்பாண்டமே அந்த ஊரின் தொழில். முன்பு நம் குயவர்களைப்போல, வீட்டுக்கு வேண்டிய சட்டி பானைதான் செய்தார்கள். இன்று அந்த ஊரின் டீக் குடுவைகளை வெளிநாட்டாரும் தேடி வாங்குகிறார்கள். 2000-ம் ஆண்டில் மண்பாண்டத்துக்கென்றே ஒரு பெரிய பொருட்காட்சி சாலையும் அங்கே திறந்தார்கள்.

அந்தக் குடுவை மிகச் சிறியது. நம் டீக்கடை டம்ளர் ஒன்றரை அளவு நீர் பிடிக்கும். அதில் டீ இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. வடித்துக் குடித்துவிட்டு, அதே இலையில் ஐந்தாறு தடவை மறுபடியும் வெந்நீர் ஊற்றுவார்கள். குடுவையை உடைப்பதில்லை. தகப்பன் வைத்திருந்த குடுவையை மகன் எடுத்துப் புழங்குகிறான். அதனால்தான் கையால் செய்த ஒரு குடுவைக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் எறியும் குவளைக்குக் குயவருக்குச் சில ரூபாய்கூடத் தேறாது. உடைவதற்காகச் செய்யும் பொருளுக்கு யார் அதிக விலை கொடுப்பார்கள்?

கைத்திறமையில் நம்மவர்கள் குறைந்தவர்கள் அல்ல. நாதசுரத்துக்குப் பெயர்பெற்ற காருகுறிச்சி, மண்பாண்டத்துக்கும் பெயர்பெற்ற ஊர். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்கிற கைக்கு டீக் குடுவை பெரிய காரியமா? சங்கரன்கோவில்காரர்களுக்கு மண்ணின் அருமையைச் சொல்லவும் வேண்டுமா? கோமதி அம்மன் கோவிலில் புற்று மண்தானே பிரசாதம்!

முன்பு குயவர்களின் பெரிய கவலை மண்தான். குளத்தில் வண்டல் எடுக்க ஆபீஸ் ஆபீசாக அலையவேண்டும். 2024-ம் ஆண்டில் அரசாங்கம் இந்த விதியைத் தளர்த்தியது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் தாசில்தாரே இலவச அனுமதி கொடுக்கலாம் என்று ஆகியிருக்கிறது. மண் கிடைத்தால் போதாது, வாங்க ஆள் வேண்டும். அது நம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது.

வாங்கினால் எப்படிப் புழங்குவது?

புது மீன்சட்டியை நம் வீட்டுப் பெண்கள் எப்படிப் பழக்குகிறார்கள்? தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுநீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். தைவானிலும் அப்படித்தான். புதுக் குடுவையை முதலில் டீத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள்.

பூச்சு இல்லாத மண்ணுக்குச் சோப்பு ஆகாது. அது சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீர் விட்டு அலசி, கவிழ்த்துக் காயவைத்தால் போதும். பாலும் ஆகாது, துளைகளில் தங்கிப் புளித்துவிடும். கறுப்பு டீ, சுக்கு நீர், மல்லிக் காப்பி ஊற்றலாம். பால் டீதான் வேண்டும் என்றால், உள்ளே பளபளப்புப் பூச்சு உள்ளதை வாங்குங்கள். பூச்சில் ஈயம் கலக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஈயம் குழந்தைகளுக்கு ஆபத்து.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். "கணீர்" என்றால் நன்றாக வெந்தது. "தொப்" என்றால் வேகவில்லை, அல்லது கீறல் இருக்கிறது. மூடி ஆடக்கூடாது. கடைக்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மூக்கிலிருந்து நீர் ஒரே தாரையாக விழவேண்டும். நிமிர்த்தியதும் சொட்டாமல் நிற்கவேண்டும்.