முன்பருவ ஆட்டத்துக்கு முன்னரே நடந்துவிடும் தெரிவு

2021இல் சுப்பர் லீக் உதைபந்தாட்டத் தொடர் ஆரம்பமானபோது பத்துக் கழகங்கள் இடம்பெற்றன. புத்தளம் மாவட்டக் கரையோரத்திலிருந்து வென்னப்புவ நிவ் யங்ஸ் இருந்தது. வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. டிபெண்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் ஆகிய மூன்றும் முப்படையினரின் அணிகள்.

முன்பருவ ஆட்டங்களில் கோல் கணக்கை வைத்து வீரரைத் தெரிவுசெய்வதில் பயனில்லை. எதிரணியும் பரீட்சார்த்தமாகத்தான் ஆடும். பந்தை இழந்த அடுத்த கணம் ஒருவர் என்ன செய்கிறார், மாற்று வீரராக இறங்கி இருபது நிமிடத்துக்குள் அணியின் ஒழுங்கைப் பிடித்துக்கொள்கிறாரா என்பதையே பயிற்றுநர் கவனிக்க வேண்டும். அதற்கு ஓர் ஆட்டம் போதாது.

யாழ்ப்பாணத்து இளைஞருக்கோ, 1990இல் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கோ அந்த ஓர் ஆட்டம் கிடைப்பதே அரிது. பஸ் காசு, தங்குமிடம், இழக்கும் நாட்கூலி எல்லாம் முன்னரே வடிகட்டிவிடும். படை அணியில் சேர்ந்தால் மாதச் சம்பளம் உண்டு, ஆனால் சீருடை அணிய வேண்டும். போரைக் கண்ட வீட்டில் அது இலகுவான முடிவல்ல.

கழகங்கள் தமது முன்பருவ ஆட்டங்களில் இரண்டையாவது யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கிலும் புத்தளத்திலும் நடத்தி, உள்ளூர் வீரர்களை ஒரு பாதி நேரமாவது களமிறக்கலாம். அப்போது அவர்கள் இழப்பது ஒருநாள் கூலி மட்டுமே.