என்ன வேலை, எந்தத் தண்ணீர்: புறநோயாளி சீட்டில் இல்லாத இரண்டு கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் புறநோயாளி சீட்டில் பெயர், வயது, ஊர், உபாதை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வந்தவர் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், பகல் முழுக்க எங்கே நின்று வேலை செய்கிறார் என்று எழுத இடம் கிடையாது. உடல்நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பு கீழ்நிலைப் பணியாளர்களுக்குப் புரியவில்லை, அதனால் பயிற்சி தர வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். கிராமப்புற மருத்துவர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள் சேர்ந்த இந்தக் கூட்டமைப்பு அந்தப் பேச்சைப் பாதிதான் ஏற்கிறது. பயிற்சி தேவைதான். ஆனால் தெரிந்ததை எழுத ஓர் இடமும், எழுதியதைப் படித்துப் பதில் சொல்ல ஓர் ஆளும் அதைவிட அவசரமாகத் தேவை.

துணை சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த கிராம சுகாதார செவிலியருக்குத் தன் வட்டாரத்தின் நோய்கள் மாதவாரியாக மனப்பாடம். சித்திரை, வைகாசியில் நீர்க்கடுப்பு. ஐப்பசி மழை விட்டதும் டெங்கு. புதர்க்காட்டில் விறகு பொறுக்கப் போய் வந்தவருக்கு விடாத காய்ச்சல் என்றால், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருகின பொருக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஸ்கரப் டைஃபஸ் என்று சந்தேகிப்பார். வறட்டு இருமலோடு வரும் பாட்டி பீடியே தொட்டதில்லை என்றால், வீட்டில் இன்னும் விறகடுப்பா என்று கேட்பார். பாடப்புத்தகம் தராத அறிவு இது. இதை எந்தப் பதிவேடும் கேட்பதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பல்லில் காவிக் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அதற்கு மாத்திரை இல்லை, நல்ல தண்ணீர்தான் மருந்து. 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவந்தது அதற்காகத்தான். குழாயில் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீருக்குத் திரும்பும் தெரு எது என்பதை அங்கே வீடு வீடாகப் போகும் செவிலியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்க வேண்டியது குடிநீர் வடிகால் வாரியம். அந்த வாரியத்தையும் துணை சுகாதார நிலையத்தையும் இணைக்கும் படிவம் எதுவும் நடைமுறையில் இல்லை.

வெயில் விஷயம் இன்னும் சிக்கல். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கருச்சிதைவுக்கும் குழந்தை இறந்து பிறப்பதற்கும் இருந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்று 2024-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. கர்ப்பிணிப் பதிவில் இரத்த அளவும் எடையும் ஒவ்வொரு முறையும் ஏறுகின்றன. அவர் ஏழாம் மாதத்திலும் சூளையில் கல் சுமக்கிறாரா என்பது ஏறுவதில்லை.

இங்கேதான் பயிற்சியின் குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சூளையில் இருந்து வரும் பெண்ணிடம் 'தண்ணி நல்லா குடிம்மா' என்று சொல்லி அனுப்புவதே பழக்கம். ஒதுங்க இடம் இல்லாததால்தான் அவர் காலையிலிருந்து தண்ணீரைக் குறைக்கிறார். சூளை முதலாளி கழிப்பறையும் நிழலும் தராதவரை அந்த அறிவுரை அவருக்கு எதற்கு உதவும்? நோயைச் சுற்றுச்சூழலோடு இணைத்துப் பார்த்த பிறகும் தீர்வை நோயாளியின் தலையிலேயே கட்டும் இந்தப் போக்கைக் கூட்டமைப்பு ஏற்கவில்லை. பனிப்பாறை உருகும் படத்தைக் காட்டி, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஒரு மரக்கன்று நட்டு, கையெழுத்து வாங்கி முடிக்கும் பயிற்சி இதை மாற்றாது. (நட்ட கன்றுக்கு மறுநாள் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது தனிக் கதை.)

எழுதுவதால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு அகமதாபாத் பதில். 2010 மே மாதம் அந்த நகரத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது இறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 2013-இல் அங்கே வெப்பச் செயல்திட்டம் வந்தது. மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி அதில் ஒரு பகுதி. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் மாரடைப்பு என்று மட்டும் சான்று எழுதப்பட்டால் அந்தப் பணம் அந்த வீட்டுக்குப் போகாது. உடல் சூடு எத்தனை, எத்தனை மணிக்கு எங்கே விழுந்தார் என்று முதலில் பார்த்த பணியாளர் குறித்து வைத்தால்தான் மருத்துவரும் வெப்பத்தைக் காரணமாக எழுத முடியும்.

முதலில் பார்ப்பவரின் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காசர்கோட்டைவிடப் பெரிய சான்று நம் பக்கத்தில் இல்லை. கேரளத் தோட்டக் கழகம் 1970-களின் பிற்பகுதியிலிருந்து முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியைத் தெளித்துவந்தது. பத்ரே கிராமத்தில் மருத்துவம் பார்த்த டாக்டர் மோகன் குமார், ஒரு சின்ன ஊரில் இத்தனை பேருக்கு மனநலக் கோளாறும் பிறவிக் குறையும் புற்றுநோயும் ஏன் என்று கேட்கத் தொடங்கினார். வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா நீதிமன்றத்துக்குப் போனார். வானிலிருந்து தெளிப்பது 2000-இல் நின்றது. நாடு முழுவதும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011 மே மாதத்தில். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது 2017-இல். ஓர் ஊர் மருத்துவரின் சந்தேகத்துக்கும் இழப்பீட்டு ஆணைக்கும் நடுவே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

சந்தேகத்தை வெளியே சொன்னால் வேலை என்னவாகும் என்ற பயமும் உண்டு. அது வீண் பயம் அல்ல. ஜப்பானின் மினமாத்தாவில் 1956 மே 1 அன்று விநோத நரம்பு நோயைப் பற்றி அரசுக்கு அறிக்கை போனது சிஸ்ஸோ ஆலையின் சொந்த மருத்துவமனையிலிருந்து. அந்த மருத்துவமனையின் தலைவர் ஹோசோகாவா 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. முடிவை நிர்வாகம் வெளியே விடவில்லை. ஆலைக் கழிவில் இருந்த பாதரசமே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று.

இதற்கு எதிர்ப்பக்க எச்சரிக்கையும் இருக்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து நெல் விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோய்க்குக் கடின நீர், ஃபுளோரைடு, பூச்சிக்கொல்லி, வெயிலில் நீர் வற்றுதல் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லோரும் ஒப்பும் ஒற்றைக் காரணம் இன்றும் இல்லை. கிளைபோசேட் களைக்கொல்லியை அரசு 2015-இல் தடைசெய்தது. 2018-இல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குத் தளர்த்தியது. ஆகவே செவிலியரின் குறிப்பு தீர்ப்பு என்று கூட்டமைப்பு சொல்லவில்லை. அது விசாரணைக்கான முதல் தகவல். காவல் நிலையத்தில் முதல் தகவலைப் பதிவுசெய்யாமல் ஆதாரம் எங்கே என்று கேட்பதில்லை.

கூட்டமைப்பின் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதல்ல. புறநோயாளி சீட்டிலும் கர்ப்பிணிப் பதிவிலும் வேலை, குடிநீர் என்று இரண்டு வரி சேர வேண்டும். ஒரே தெருவில், ஒரே வேலையிடத்தில் ஒரே மாதிரி நோய் வந்தால் சுகாதார ஆய்வாளர் வழியாகக் குடிநீர் வாரியத்துக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ தொழிலாளர் துறைக்கோ குறிப்பு போக வேண்டும்; முப்பது நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். குறிப்பு அனுப்பியவரை இடமாற்றம் செய்யக் கூடாது என்பதை அரசாணையாகவே போட வேண்டும். இதெல்லாம் சுகாதாரத் துறையின் வேலையா என்று கேட்பவர்கள் 1978 அல்மா-ஆட்டா பிரகடனத்தைப் பார்க்கலாம். முதல்நிலை மருத்துவத்தின் அடிப்படைக் கூறுகளில் பாதுகாப்பான தண்ணீரையும் சுகாதார வசதியையும் அது சேர்த்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் கூட்டமைப்பு விட்டுக்கொடுக்காது. 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு தெருத் தெருவாக நடக்கிறார்கள். அவர்கள் தலையில் ஊதியம் கூட்டாமல் இன்னொரு படிவத்தை ஏற்றும் எந்தத் திட்டத்தையும் அது எதிர்க்கும்.

முப்பது நாளில் பதில் வராத குறிப்புகளை, நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, கிராம சபையில் வாசிக்க வேண்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ஊர்த் தொட்டியின் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை ஊராட்சிச் செயலர் வாசித்ததும், அதே தண்ணீரைக் குடிக்கும் தெருக்களின் நோய்க் கணக்கைச் செவிலியர் வாசிக்கட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் தீர்மானப் புத்தகத்தில் அதையும் எழுதிக்கொள்ளலாம்.