கம்ப்யூட்டர் மாட்டறதுக்கு முன்னாடி கரண்ட்டைப் பாருங்க

மஞ்சள், மாடுன்னு எழுதற இடத்துல இன்னைக்குக் கம்ப்யூட்டர் பத்தி எழுதறேன். பிளஸ் டூ முடிச்ச எம் பையன், பாகம் பாகமா வாங்கி கேம் விளையாடற கம்ப்யூட்டர் ஒண்ணு சொந்தமா மாட்டப்போறான். மஞ்சள் வித்த காசுல 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கேன். காசு குடுக்கறவன் விவரம் கேக்கணுமில்லீங்களா? ரெண்டு மாசமா அவன் பாக்கற வீடியோவையெல்லாம் நானும் கூட உக்காந்து பாத்தேன்.

"விளையாட்டுக்கு இத்தனை காசா?"ன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. டவுன் பையன் வாங்கினா பொழுதுபோக்கு, எங்க பையன் வாங்கினா ஊதாரித்தனமா? அதை விடுங்க. எனக்கு மனத்தாங்கல் அந்த வீடியோக்கள் மேலதான்.

எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க: பாதிக் காசை கிராபிக்ஸ் கார்டுல போடு, மீதியில மத்ததை முடி. மாசச் சம்பளம் வாங்கி, கரண்ட் சீரா வர்ற அப்பார்ட்மெண்ட்ல இருக்கறவருக்கு அது சரிதான். கேமுக்குப் படம் வரையறது கார்டுதானே. ஆனா அவங்க போடற கணக்குல மானிட்டர் இருக்காது, யூபிஎஸ் இருக்காது. கரண்ட்டுங்கற பேச்சே இருக்காது.

எங்க பக்கம் மும்முனை கரண்ட் வந்துட்டா சுத்துவட்டாரத்து மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓடும். வீட்டு லைட்டு மங்கும். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 170, 180னு இறங்கும். மோட்டாரெல்லாம் நின்னதும் குபீர்னு ஏறும். 7.5 எச்பி மோட்டார் வாங்கிட்டு ஸ்டார்ட்டர்ல மிச்சம் பிடிக்கறவன் எங்க ஊர்ல கிடையாது. காயில் கட்டற செலவு எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர்ல அந்த இடத்துல இருக்கறது எஸ்எம்பிஎஸ். வீட்டுக் கரண்ட்டை வாங்கி 12 வோல்ட்டா மாத்தி உள்ள இருக்கற எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கறது அதுதான். அது மோசமாப் போனா தனியாப் போகாதுங்க, போர்டையும் கார்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்.

கடையில கேபினட் வாங்கினா எஸ்எம்பிஎஸ் இனாம்ங்கறாங்க. 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில தூக்கிப் பாத்தா தக்கை மாதிரி இருக்கும். பேர் தெரிஞ்ச கம்பெனியில, 5 வருஷம் வாரண்டியோட, லேபிள்ல 100லிருந்து 240 வோல்ட் வரைக்கும் எடுக்கும்னு போட்டிருக்கறதா, 550 வாட்ல ஒண்ணு தனியா வாங்கணும். 80 பிளஸ்னு ஒரு முத்திரை இருக்கும். அது கரண்ட் எவ்வளவு கம்மியா வீணாகுதுன்னு சொல்றது. பாதுகாப்புக்கு அது மட்டும் உத்தரவாதமில்லை.

அடுத்தது யூபிஎஸ். 600 விஏன்னு போட்டிருந்தா பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போனதும் சேமிச்சு அணைக்கிற அளவுக்கு அது போதும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கேன்னு அதுல சொருகிடாதீங்க. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கும் இப்ப வர்ற நல்ல எஸ்எம்பிஎஸ்சுக்கும் சில சமயம் ஒத்துப்போறதில்லை.

இதுக்கெல்லாம் காசு போனா கார்டுக்கு எங்க போறது? இந்த வருஷம் கார்டே வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி. ரைசன் 5 5600ஜின்னு ஒரு பிராசஸர் இருக்கு. அந்த 'ஜி' இருந்தா படம் காட்டற வேலையும் அதுக்குள்ளயே இருக்குன்னு அர்த்தம். இன்டெல்ல கடைசியில 'எஃப்' போட்டிருந்தா அந்த வேலை அதுல இல்லை, தனிக் கார்டு இல்லாம திரையில ஒண்ணும் வராது. 5600ஜில வேலொரண்ட் நல்லா ஓடும். ஜிடிஏ 5 கொஞ்சம் குறைச்சு வெச்சா ஓடும். புதுசா வர்ற பெரிய கேமுக்கு ஆகாது. அடுத்த மஞ்சள் வித்ததும் கார்டு வாங்கி மாட்டிக்கலாம், எஸ்எம்பிஎஸ் தயாரா இருக்கும். வருஷத்துக்கு ஒருக்கா காசு பாக்கற வீட்ல தோட்டத்துக்கும் இப்படித்தான் செய்யறோம். முதல்ல போரும் மெயின் பைப்பும், அப்புறம்தான் சொட்டுநீர்.

பையன் ஒத்துக்கலை. "அப்பா, சாதா 5600ல கேஷ் 32 எம்பி, இதுல பாதிதான். நாளைக்குக் கார்டு போட்டா இது பின்னால இழுக்கும்"ங்கறான். நியாயம்தான், இழுக்கும். ஆனா ஏஎம்4 போர்டுதானே, பின்னாடி பிராசஸரை மட்டும் மாத்திக்கலாம். "ஏஎம்4 பழசாயிடுச்சுப்பா, ஏஎம்5தான் இப்ப"ங்கறான். அதுவும் நெசம். அதுக்கு டிடிஆர்5 ரேம் வேணும், ஏஐ கம்பெனிக்காரங்க வாங்கிக் குவிச்சதுல ரேம் விலை ஏறிக் கெடக்கு. இந்தப் பட்ஜெட்டுக்குத் தாங்காது.

ரேம்னதும் ஒண்ணு. 16 ஜிபி ஒரே குச்சியா வாங்காதீங்க, 8 ஜிபி ரெண்டா வாங்குங்க. தனிக் கார்டு இல்லாதப்ப படத்துக்கும் இந்த ரேமைத்தான் பிராசஸர் எடுத்துக்கும். ரெண்டு பைப்புல தண்ணி வந்தா தொட்டி சீக்கிரம் ரொம்புமில்லீங்களா, அப்படி.

டவுன்ல ஒரு கடைக்குப் போயிருந்தோம். "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 22,000 ரூபாதாண்ணா"ன்னார் கடைப் பையன். ஐ7ன்னா எதுன்னு கேட்டேன். 3770ன்னார். 2012ல வந்தது அது. கார்டு ஜிடி 730, 2014ல வந்தது. விண்டோஸ் 11 அந்த பிராசஸரை முறைப்படி ஏத்துக்கறதில்லை, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரோட ஆதரவை நிறுத்திடுச்சு. ஐ3 12100 அதைத் தூக்கிச் சாப்பிட்டுடும். ஐ7ங்கறது டிராக்டர் கம்பெனி பேர் மாதிரி, எந்த வருஷத்து வண்டின்னு கேக்கணும். நம்பரோட முன்பாகம்தான் அதைச் சொல்லும்: 3770ன்னா மூணாந் தலைமுறை, 12100ன்னா பன்னெண்டு. பெயிண்ட் அடிச்ச பழைய வண்டியை எங்க ஊர்ல யார் தலையிலயும் கட்ட முடியாது. ஆனா இதே ஊர்ல மூணு வீட்ல இந்தப் பெட்டி உக்காந்திருக்கு.

இப்ப மிச்சமிருக்கற சண்டை கேபினட்டுக்கு. அவனுக்குக் கண்ணாடிக் கதவும் கலர் லைட்டும் வேணும். எனக்கு முன்பக்கம் வலை அடிச்சு, கழட்டிக் கழுவற ஃபில்டர் வெச்சது வேணும். களத்துல மஞ்சள் மெருகு ஏத்தற நாள்ல வீட்டுக்குள்ள எவ்வளவு தூசி வரும்னு வீடியோக்காரங்களுக்குத் தெரியாதுங்க. கண்ணாடியும் வலையும் சேந்த மாதிரி ஒண்ணு இருக்காம், 600 ரூபா அதிகம். வாங்கட்டும்னு சொல்லிட்டேன், கழுவற வேலை அவனோடது.