உரைத்திருத்தியும் இரவல் அறிவும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சேரப்பணஞ்சேரி வழியே ஒரகடம் செல்வோர் காண்பன மோட்டார்த் தொழிற்சாலைகளும் அவற்றிற்கு உறுப்புகள் செய்துதரும் பட்டறைகளுமேயாம். ஆங்குப் பணிபுரியப் புகும் இளைஞர் இயந்திரத்தை இயக்க அறிவர். அதனுள்ளிருக்கும் நிரலைத் திறந்து பார்க்கும் உரிமையோ அவர்களிற் பெரும்பாலார்க்கு இல்லை. எழுதும் கருவியிலேனும் இந்நிலை வாராதிருத்தல் வேண்டுமென்பதே எமது கருத்து.

ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தி 1976இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. ரிச்சர்டு ஸ்டால்மன் அதனைப் புதிதாய் எழுதி 1985இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்திருத்தலால், அதனைக் கையாள்வோர் வேலையின் நடுவிலேயே அதன் இயல்பை மாற்றிக்கொள்ளலாம். 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் தமிழுக்கென ஓர் ஒலிப்புமுறை உள்ளீடு சேர்ந்தது. எவ்விசைக்கு எவ்வெழுத்து என்பதை நாமே வகுத்துக்கொள்ளலாம். விசைப்பலகையோடு போராடி அலுத்தவர்க்கு இதன் அருமை புலனாகும்.

2007 முதல் இதனோடு வரும் ட்ராம்ப் என்னும் பகுதி இன்னும் வியப்புக்குரியது. தாம்பரத்து விடுதியிலிருக்கும் ஒருவர், ஒரகடத்துக் கணினியொன்றிற் புக அனுமதி பெற்றிருப்பின், அங்குள்ள கோப்பைத் தம் மேசையில் உள்ளதுபோலவே திறந்து திருத்தலாம். அக்கணினியில் ஈமாக்ஸ் இருத்தல் வேண்டுவதில்லை. இப்பொழுது ஜிபிடெல் போன்ற இணைப்புகள் செயற்கை நுண்ணறிவையும் இதனுட் கொணர்ந்துவிட்டன. வேண்டிய பத்தியை மட்டும் அதற்குக் காட்டலாம். தம் கணினியிலேயே இயங்கும் மொழி மாதிரியையும் வினவலாம்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஈமாக்ஸில் ஏற்றப்படும் லிஸ்ப் நிரலுக்குத் தனிச் சிறைக்கூடம் யாதுமில்லை. ஏற்றியவர்க்குள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் உண்டு. ட்ராம்ப் தொலைவை மறைத்துவிடுதலால், நுண்ணறிவு எழுதித்தந்த நான்கு வரிகளைப் படியாமல் இயக்கும் மாணாக்கன், தன் கோப்பையல்லாமல் பிறர் தொழிற்கூடத்துக் கோப்பையே அழித்துவிடக்கூடும். அதுபோலவே, திறந்திருக்கும் கோப்பு ஒரு கம்பெனியின் இரகசியமாயின், அதனை வெளியாரின் மாதிரிக்கு அனுப்புதல் நம்பிக்கைத் துரோகமாகும். கோப்பு தன் திரையில் தோன்றுவதனாலேயே அது தன்னுடையது ஆகிவிடாது.

ஆயத்தக் கருவிகள் மலிந்த காலத்தில் லிஸ்ப் கற்பது வீண் உழைப்பென்பாரும் உளர். நுண்ணறிவு நிரல் எழுதித்தராத காலத்தில் அவ்வாதம் ஒருவாறு பொருந்தியிருக்கும். இன்றோ எழுதுவது எளிது. எழுதப்பட்டதைப் படித்து, இது தகும், இது தகாது எனத் துணிவதே அரிது. ஆதலின் நம் கணினிக்கூடத்தில் முதலாண்டு மாணாக்கர்க்கு வாரம் ஒரு மணிநேரமேனும் லிஸ்ப் வாசிக்கப் பயிற்றுதல் வேண்டும். ஈமாக்ஸ் விலையின்றிக் கிடைப்பதாதலின், செலவைக் காரணங்காட்டி மறுத்தற்கும் இடமில்லை.